நேரிசை வெண்பா: எதுகை சரி, ஓசை இடிக்கிறது. தளை எங்கே தட்டுகிறது?

மாமரத்தடி

நான்கடி வெண்பா ஒன்று. தேநீர்க்கடைதான் பொருள்.

சாலைக் கடையில் தேநீரோடு ஒருபலகை
வேலை முடித்தோர்க்கு வேறென்ன – மாலையில்
எழுகின்ற ஆவி இதமாய் முகத்தைத்
தழுவும் நேரம் களைப்பு தீரும்

எதுகை: சாலை, வேலை, மாலை; பிறகு எழு, தழு. தனிச்சொல் (இரண்டாம் அடியின் கடைசியில் கோட்டுக்குப் பின் வரும் ‘மாலையில்’) இருக்கிறது. ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் முதல் அடியும் கடைசி அடியும் வெண்பா போல் ஒலிக்கவில்லை. எந்த இடத்தில் என்ன தளை தட்டுகிறது என்று பெயரோடு சொல்லுங்கள். வேலை/மாலை எதுகையையும் ஆவி முகத்தைத் தழுவுவதையும் விட மனமில்லை. மற்றதை மாற்றலாம்.

---

கூவிளம்

தளை என்பது அடுத்தடுத்த இரு சீர்களின் இணைப்பு. தனிக் குறிலோ நெடிலோ நேரசை, குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரையசை, பின்னால் ஒற்று வந்தாலும் அப்படியே. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். விதி மூன்றுதான்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். முதலிரண்டும் இயற்சீர் வெண்டளை, மூன்றாவது வெண்சீர் வெண்டளை. இவற்றைத் தவிர வேறு தளை வெண்பாவில் நுழையக் கூடாது. ஓர் அடியின் கடைசிச் சீருக்கும் அடுத்த அடியின் முதற்சீருக்கும் இடையிலும் இதேதான். பலர் அங்கே பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் பாட்டை அலகிட்டால், அதாவது அசை பிரித்தால்:

சா/லைக் – தேமா
கடை/யில் – புளிமா
தே/நீ/ரோ – தேமாங்காய்
டொரு/பல/கை – கருவிளங்காய்

வே/லை – தேமா
முடித்/தோர்க்/கு – புளிமாங்காய்
வே/றென்/ன – தேமாங்காய்
மா/லையில் – கூவிளம்

எழு/கின்/ற – புளிமாங்காய்
ஆ/வி – தேமா
இத/மாய் – புளிமா
முகத்/தைத் – புளிமா

தழு/வும் – புளிமா
நே/ரம் – தேமா
களைப்/பு – புளிமா
தீ/ரும் – தேமா

தட்டும் இடங்கள் ஐந்து.

கடையில் – தேநீரோ: மா முன் நேர். நேரொன்றாசிரியத்தளை.
தேநீரோ – டொருபலகை: காய் முன் நிரை. கலித்தளை.
மாலையில் – எழுகின்ற: விளம் முன் நிரை. நிரையொன்றாசிரியத்தளை.
தழுவும் – நேரம்: மறுபடி மா முன் நேர்.
களைப்பு – தீரும்: அதே.

இதோடு ஈற்றடியில் இரண்டு தனிக் குற்றங்கள். வெண்பாவின் ஈற்றடி சிந்தடி. மூன்று சீர்தான் வர வேண்டும், உங்களிடம் நான்கு. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும், ‘தீரும்’ தேமா. ‘தழுவும் நேரம் களைப்பு தீரும்’ என்று தனியே சொல்லிப் பாருங்கள், அப்படியே அகவல் (ஆசிரியப்பா) நடை. காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மூன்றாம் அடியில் கை வைக்க வேண்டாம்.

---

ஒற்று

இரண்டு சந்தேகம். ‘தேநீரோடு’ என்பது தே/நீ/ரோ/டு, நாலசை அல்லவா? வெண்பாவில் நாலசைச்சீரே கூடாதென்றால் குற்றத்தை அங்கேயே சொல்லிவிடலாமே, கலித்தளை எங்கிருந்து வந்தது? ‘மாலையில்’ என்பதும் மா/லை/யில் என்று மூன்று அசையாகத்தானே பிரியும்? ஐ நெடில்.

---

பழையஏடு

முதல் கேள்விக்கு: அலகிடுவது புணர்ந்த வடிவத்தை. கண்ணுக்குப் பிரித்து அச்சிட்ட வடிவத்தை அல்ல. ‘தேநீரோடு’ குற்றியலுகரத்தில் முடிகிறது, அடுத்த சொல் உயிரில் தொடங்குகிறது. உகரம் ஓடிப்போய், நின்ற டகர மெய் மேல் ஒகரம் ஏறி ‘தேநீரோ டொருபலகை’ ஆகிறது. நான்காம் அசை அடுத்த சீருக்குப் போய்விட்டது. நாலசைக் குற்றம் நீங்கியது, கலித்தளை வந்து உட்கார்ந்தது.

இதற்குப் பாடமாக எடுத்துக்கொள்ள ஏற்றது 66ஆம் குறள். இன்றைய பதிப்புகளில் ‘குழல்இனிது யாழ்இனிது என்ப’ என்று பிரித்திருக்கும். அதை அப்படியே அலகிட்டால் சீர்களின் வாய்பாடே மாறிவிடும். யாப்புப்படி:

குழலினி தியாழினி தென்பதம் மக்கள்
மழலைச்சொல் கேளா தவர்

குழ/லினி கருவிளம். அடுத்த சீரின் முதலில் வரும் ‘தி’ குற்றியலிகரம். உகரம் யகரத்தின் முன் இகரமாகக் குறுகியது. இங்கே அது அலகு பெறாது. ஆகவே யா/ழினி, கூவிளம். விளம் முன் நேர். ‘தி’யைக் கணக்கில் எடுத்தால் தியா/ழினி என்று நிரையில் தொடங்கி விளம் முன் நிரை ஆகிவிடும். தென்/பதம் கூவிளம், மக்/கள் தேமா, மழ/லைச்/சொல் புளிமாங்காய், கே/ளா தேமா, தவர் மலர். எங்கும் இடறவில்லை.

இரண்டாவது: ஐ சொல்லின் முதலில் தனித்து நின்றால் நேரசை. ‘கைவிரல்’ என்பது கை/விரல், கூவிளம். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் அது ஐகாரக்குறுக்கம். குறில் போல நின்று அடுத்த குறிலோடு சேர்ந்து நிரையாகும். அதனால் மா/லையில். ‘வேலைக்கு’ என்றால் லை-க்குப் பின் ஒற்று வந்து அசை அடைபட்டுவிடுகிறது: வே/லைக்/கு, தேமாங்காய். ‘வேலையில்’ என்றால் வே/லையில், கூவிளம். ஒரே சொல், வேற்றுமை உருபு மாறினால் வாய்பாடும் மாறுகிறது.

நீங்கள் சொல்வது போல் ‘மாலையில்’ என்பதைத் தேமாங்காயாக எடுத்தாலும் பாட்டுக்குப் பயனில்லை. அப்போது காய் முன் நிரை, கலித்தளை.

---

தளைதட்டி

நோய் தெரிந்தாயிற்று, மருந்துக்கு வருவோம். ஈற்றடியிலிருந்து தொடங்குங்கள். முதல் அடியில் நான்கு சீர் இடமுண்டு, திருப்ப வழி பல. ஈற்றடி முட்டுச்சந்து. அதை முடித்துவிட்டு மேலே போவதே எளிது.

உங்கள் சொல்லில் எது ஈற்றுச்சீராக நிற்கும்? களைப்பு. களைப் நிரை, பு வன்றொடர்க் குற்றியலுகரம்: பிறப்பு வாய்பாடு. ஆகவே அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வினை முன்னால் வரும், தமிழுக்கு அது புதிதல்ல.

‘தழுவும் நேரம்’ வேண்டாம். ‘தழுவ’ என்ற எச்சமே அந்தப் பொருளைத் தரும், ஒரு சீர் மிச்சம். இப்போது தழுவ + வினை + களைப்பு. ‘தழுவத் தீரும் களைப்பு’ என்றால் மா முன் நேர், மறுபடி தட்டும். நிரையில் தொடங்கும் வினை வேண்டும்: குறையும், விலகும், அகலும், தணியும். நான்கும் புளிமா, நான்கும் ஓசைக்குப் பொருந்தும். தழுவ–தணியும் மோனை கிடைப்பதால் நான்காவது.

தழுவத் தணியும் களைப்பு

புளிமா, புளிமா, பிறப்பு. மேலடியின் ‘முகத்தைத்’ மா, அதன் முன் ‘தழு’ நிரை. இணைப்பும் சரி.

‘தழுவக் களைப்பு தணியும்’ என்று வரிசை மாற்றினால் உரைநடை போல இயல்பாகத்தான் இருக்கும். ஆனால் ஈற்றில் தணி/யும் நிற்கும், அது செல்லாது.

---

ஒற்று

‘களைப்பு’ நடுச்சீராக வந்தால் புளிமா, கடைசியில் வந்தால் பிறப்பு. அதே எழுத்துகள்தானே?

---

பழையஏடு

ஆம். தொல்காப்பியச் செய்யுளியல் நேர், நிரை, நேர்பு, நிரைபு என்று நான்கு அசை சொல்கிறது. யாப்பருங்கலக்காரிகை மரபில் நேர், நிரை இரண்டே. உகரம் தனி நேரசையாகிவிடும். ஆனால் வெண்பாவின் ஈற்றில் மட்டும் பழைய கணக்கின் தடம் நிற்கிறது: காசு என்பது நேர்பு, பிறப்பு என்பது நிரைபு. அங்கே ஓரசைச்சீர் என்றே எண்ண வேண்டும். சிறுபான்மை முற்றியலுகரமும் வரலாம் என்பார்கள். புதிதாக எழுதுகிறவர் கு, சு, டு, து, பு, று என்ற ஆறோடு நிற்பது நல்லது.

---

செப்பலோசை

தனிச்சொல்லுக்கு மருந்து உருபை வெட்டுவதுதான். ‘மாலை எழுகின்ற ஆவி’ என்றாலே மாலையில் எழுவது என்று விளங்கும். மா/லை தேமா, முன்னால் எழு நிரை.

முதல் அடி: ‘சாலைக் கடைத்தேநீர்’ என்று தொகையாக்குங்கள். கடைத்/தே/நீர் புளிமாங்காய். அடுத்து நேரில் தொடங்கும் சீர், முடிந்தால் சகர மோனையோடு. என் பரிந்துரை:

சாலைக் கடைத்தேநீர் சாரல் மழைத்தூறல்

சா/ரல் தேமா, மழைத்/தூ/றல் புளிமாங்காய், அடுத்த அடி ‘வேலை’ நேர். எல்லாம் பொருந்துகிறது. 1, 3 சீர்களில் பொழிப்பு மோனை.

---

தளைதட்டி

பொருந்துகிறது, ஆனால் சாரல், மழை, தூறல் மூன்றும் ஒன்றுதானே? இரண்டு சீரில் ஒரு சொல்லுக்கு உண்டான சரக்கு. வெண்பாவில் அசை நிரப்புவதற்கென்றே வந்த சொல்லை வாசகன் உடனே கண்டுபிடித்துவிடுவான், அடி இறுக்கமாக இருப்பதால் ஓட்டை பெரிதாகத் தெரியும். பலகையை ஏன் விட வேண்டும்? மூலத்தில் பார்க்கக் கிடைத்த பொருள் அது ஒன்றுதான்.

---

செப்பலோசை

சரி, பலகையோடு:

சாலைக் கடைத்தேநீர் சாய்ந்தமர ஓர்பலகை

சாய்ந்/தம/ர கூவிளங்காய், ஓர்/பல/கை கூவிளங்காய்.

---

கூவிளம்

பகரத்தின் முன் ‘ஓர்’ இடறுகிறது. உயிர் முன் ஓர், மெய் முன் ஒரு. செய்யுளில் மாறி வருவதுண்டுதான், ஆனால் தளைக்காக வளைத்தது என்று தெரியும். இலக்கணப்படி ‘ஒருபலகை’ என்று திருத்தினால் ஒரு/பல/கை, நிரை. முன்னால் ‘சாய்ந்தமர’ காய். கலித்தளை திரும்பி வந்துவிட்டது. அதோடு தேநீர்க்கடைப் பலகைக்கு முதுகேது, சாய்ந்தமர?

பலகை நிரையில் தொடங்க வேண்டுமென்றால் அதற்கு முன் மாச்சீர் இருக்க வேண்டும். உங்கள் முந்தைய ‘சாரல்’ தேமாதானே, அதை எடுத்து ஒட்டுங்கள்:

சாலைக் கடைத்தேநீர் சாரல் படும்பலகை

படும்/பல/கை கருவிளங்காய். மா முன் நிரை, பிறகு காய் முன் நேர் (வேலை). மழையும் வந்தது, பலகையும் நனைந்தது, மோனையும் போகவில்லை.

---

மாமரத்தடி

இப்போது:

சாலைக் கடைத்தேநீர் சாரல் படும்பலகை
வேலை முடித்தோர்க்கு வேறென்ன – மாலை
எழுகின்ற ஆவி இதமாய் முகத்தைத்
தழுவத் தணியும் களைப்பு

‘முகத்தைத்’ என்பதில் தகரங்கள் நெருங்கி நிற்பது உறுத்துகிறது. ‘முகத்தினைத்’ என்று வைக்கலாமா? மோனை எல்லா அடியிலும் முறைப்படி இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும்.

---

கூவிளம்

‘முகத்தினைத்’ கூடாது. முகத்/தினைத் கருவிளம், தி குறில், னை ஐகாரக்குறுக்கம், இரண்டும் சேர்ந்து நிரையாகிவிடுகின்றன. விளம் முன் ‘தழு’ நிரை: தட்டும். இந்த ‘இன்’ சாரியை வெண்பா எழுதுகிறவர்களுக்கு ஓயாத தொல்லை. எடுப்பாக இருக்கிறதென்று சேர்ப்பார்கள், மா விளமாகிவிடும். தகர நெருக்கம் இங்கே குறையென்று எனக்குத் தோன்றவில்லை. முகத்தைத், தழுவத், தணியும் என்று அடி தாண்டி ஓடுகிறது, நன்றாகவே இருக்கிறது.

மோனை: முதல் அடி சா–சா, இரண்டாம் அடி வே–வே, மூன்றாம் அடி எ–இ. மூன்றும் 1, 3 சீர்களில் வரும் பொழிப்பு. மூன்றாவதில் எழுத்து ஒன்றல்ல. இ, ஈ, எ, ஏ ஓரினம், ஆகவே மோனைதான். ஈற்றடி த–த, 1, 2 சீர்களில், இணை. இரண்டாம் அடியில் ‘மாலை’யையும் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். மகரமும் வகரமும் இனம், ஆனால் ஏறிய உயிரும் இனமாக இருக்க வேண்டும். வே-யில் ஏ, மா-வில் ஆ. ஒட்டாது. ‘வாலை’க்கு ‘மாலை’ மோனையாகும், ‘வேலை’க்கு ஆகாது. சகரத்துக்குத் தகரமும் ஞகரத்துக்கு நகரமும் இதே கணக்கு.

---

செப்பலோசை

தளைக் கணக்கு: 15 சீர், 14 தளை. இயற்சீர் வெண்டளை 9, வெண்சீர் வெண்டளை 5. வெண்பாவின் ஓசை செப்பலோசை; இரண்டும் கலந்திருப்பதால் இது ஒழுகிசைச் செப்பல். முழுதும் வெண்சீர் வெண்டளையாக இருந்தால் ஏந்திசை, முழுதும் இயற்சீர் வெண்டளையாக இருந்தால் தூங்கிசை.

எண்ணிக்கையை விட அவை விழுந்த இடம்தான் சுவையானது. முதல் இரண்டு அடியில் மாவும் காயும் மாறிமாறி, ‘முடித்தோர்க்கு வேறென்ன’ என்ற இடத்தில் இரண்டு காய் அடுத்தடுத்து. கேள்வி நின்று விழுகிறது. ‘ஆவி’யிலிருந்து ஐந்து சீர் தொடர்ந்து மா. காயின் மூன்றாம் அசை தரும் இழுவை எங்கும் இல்லை, வழுக்கிக்கொண்டு ‘களைப்பு’க்குப் போய்ச் சேர்கிறது. ஆவி, இதம், தழுவல் என்ற பொருளுக்கு இது ஏற்ற நடை.

ஒரு குறை சொல்லலாம்: 15 சீரில் விளச்சீர் ஒன்றுகூட இல்லை. இலக்கணக் குற்றமல்ல. ஆனால் விளம் முன் நேர் தருகிற துள்ளல் இந்தப் பாட்டுக்கு இல்லை என்பது உண்மை.

---

ஒற்று

எதுகையை நான்கு அடிக்கும் ஒன்றாக்கி ஒருவிகற்பமாக ஆக்க முடியாதா? சாலை, வேலை, மாலை என்று வந்துவிட்டு திடீரென்று எழு, தழு என்று மாறுவது எனக்குப் பாதி வேலை போலத் தெரிகிறது.

---

பழையஏடு

இருவிகற்பம் பாதி வேலை அல்ல. நேரிசை வெண்பாவுக்கு அது முழு உரிமையுள்ள வடிவம்: முதலிரண்டு அடியும் தனிச்சொல்லும் ஓர் எதுகை, பின்னிரண்டு அடி வேறு எதுகை. தனிச்சொல் அந்த எதுகையோடு இரண்டாம் அடியின் கடைசியில் நிற்பதுதான் கட்டாயம். தனிச்சொல்லே இல்லையென்றால் நான்கடியும் இன்னிசை வெண்பாவாகிவிடும்.

ஒருவிகற்பம் வேண்டுமென்றால் என்னென்ன மாறும் என்று பாருங்கள். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒன்ற வேண்டும். சாலைக்கு ‘வலை’ எதுகை ஆகாது. எனவே மூன்றாம், நான்காம் அடிகள் நெடிலில், அதாவது நேரில் தொடங்கியாக வேண்டும். நேருக்கு முன் மா நிற்க முடியாது. தனிச்சொல் ‘மாலை’ போய் ‘மாலையிலே’ (மா/லையி/லே, கூவிளங்காய்) போன்ற ஒன்று வர வேண்டும். மூன்றாம் அடியின் கடைசிச் சீரும் காயாகவோ விளமாகவோ மாற வேண்டும். ‘முகத்தைத்’ அங்கே நிற்காது, ‘தழுவ’ நான்காம் அடியின் முதலில் நிற்காது. மாமரத்தடி விட மனமில்லை என்று சொன்ன இரண்டில் ஒன்று போய்விடும்.

---

தளைதட்டி

பின்னிரண்டு அடியை மட்டும் எடுத்தால் அதுவே ஒழுங்கான குறள் வெண்பா: நான்கு சீர், மூன்று சீர், எழு–தழு எதுகை, பிறப்பில் முடிவு. ஆனால் தேநீர் மேலே தங்கிவிடுகிறதே, எந்த ஆவி வந்து முகத்தைத் தழுவியது என்று வாசகன் பயந்துபோவான். முன்னிரண்டு அடி அங்கே இருக்க வேண்டியதுதான்.

---

மாமரத்தடி

மாலை எதுகையோடு இருவிகற்பமாகவே விடுகிறேன். கடைசியாக ஒன்று: ஒரு சிற்றிதழுக்கு அனுப்ப வேண்டும். ‘படும்பலகை’, ‘கடைத்தேநீர்’ இவற்றைப் பிரித்துப் போடலாமா?

---

பழையஏடு

‘கடைத்தேநீர்’ தொகை, சேர்ந்தே நிற்கட்டும். ‘படும் பலகை’ என்று பிரித்தால் பொருள் கெடாது. ஆனால் அந்த அடியில் ஐந்து சீர் இருப்பதாக எண்ணி யாராவது கடிதம் எழுதுவார்கள். பா என்று அச்சிடும்போது சீருக்கொரு இடைவெளி, தனிச்சொல்லுக்கு முன் ஒரு கோடு, அவ்வளவுதான். ‘வேறென்ன’வுக்குப் பின் கேள்விக்குறி போடலாம். வாக்கியம் அங்கேதான் முடிகிறது, ‘மாலை’ அடுத்த வாக்கியத்தின் முதல் சொல். அலகிட்டுத் தரும் மென்பொருளில் இட்டுப் பார்ப்பதானால் ‘எழுகின்ற வாவி யிதமாய்’ என்று உடம்படுமெய்யோடு புணர்த்துக் கொடுங்கள். இந்தப் பாட்டில் எப்படிக் கொடுத்தாலும் வாய்பாடு மாறாது. ஆனால் பழைய முதல் அடியில் ‘தேநீரோடு ஒருபலகை’ என்று பிரித்தே கொடுத்திருந்தால் நாலசைச்சீர் என்றுதான் காட்டியிருக்கும்.